சத்தம் போடாத ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் நாங்கள் இருந்த தெருவில் அதுவரை யார் வீட்டிலும் அது கிடையாது. கைவண்டியில் வந்து இறங்கிய அந்த வெள்ளைப் பெட்டிக்கு அம்மா சந்தனம் குங்குமம் இட்டாள். மூன்று ஓட்டை பிளக் கூடத்தில்தான் இருந்தது என்பதால் அதைக் கூடத்தில் வைத்தார்கள். பிளக் வேறெங்கே இருந்திருந்தாலும் அப்பா அதைக் கூடத்தில்தான் வைத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

சுவிட்சைப் போட்டதும் அது ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ‘கொர்ர்’ என்று ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று நின்றது. அப்புறம் உள்ளே எங்கோ தண்ணீர் புரளுகிற மாதிரி ஒரு களகள சத்தம். பிறகு மறுபடியும் கொர்ர். எனக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுக்கவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு, அடுத்தது எது வரும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொள்வேன்.

அப்பாவுக்கோ முகம் விழுந்துவிட்டது. காரணம் அடையாறு பெரியப்பா. பெரியப்பா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர். பெரிய கம்பெனியில் உத்தியோகம், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறவர். எங்கள் உறவில் முதன்முதலில் ஃபிரிட்ஜ் வாங்கியவர் அவர்தான். எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், “எங்காத்து ஃபிரிட்ஜ் ஓடறதே தெரியாது” என்று ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அப்பா அதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டு, தனக்கும் ஒரு காலம் வரும் என்று காத்திருந்தவர். வந்த காலம் இப்படிக் கொர்ரென்று வந்து சேர்ந்தது.

மாடி வீட்டு மாமா கேட்டுவிட்டு, ரயில் கிளம்புகிற மாதிரி இருக்கிறதே என்றார். அப்பா வெள்ளி டம்ளரைக் கவிழ்த்து அதன் வழியாகக் கேட்டுப் பார்த்தார். கடையிலிருந்து வந்த மெக்கானிக் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“மோட்டார் ஓடிக்கினு கீது, சார். சவுண்டு வரத்தான் செய்யும். சவுண்டு நின்னுபோச்சுனா சொல்லி அனுப்பு, அப்ப வர்றேன்.”

அப்பாவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. ஃபிரிட்ஜை ஒட்டியே கொலுப்படி கட்டினோம். அது சிலிர்த்துக்கொண்டு ஆரம்பிக்கும்போதெல்லாம் கீழ்ப்படியில் இருந்த தலையாட்டி பொம்மை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். வந்த மாமிகள் என் பாட்டைவிட அதைத்தான் ரசித்தார்கள்.

கொலுவுக்கு அழைத்தால் வெற்றிலை பாக்கு வாங்கப் போவது அம்மாவும் நானும்தான். அப்பா வாசல் தாண்ட மாட்டார். அந்த வருஷம் அடையாற்றுக்கு மட்டும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கிளம்பினார். எதற்கு வருகிறார் என்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன?

வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். வேலை நாளாக இருந்தும் பெரியப்பா வீட்டில் இருந்தார். லீவு என்றார். கொலு வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. அப்பா எதையும் கவனிக்காமல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். என்னைப் பாடச் சொன்னார்கள். நான் அனுபல்லவிக்குப் போவதற்குள் அப்பா கண்ணை உருட்டி நிறுத்து என்றார். பாட்டு நின்றது. கூடம் நிசப்தமாக இருந்தது. ஃபிரிட்ஜிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

“இப்பவும் சத்தமே போடறதில்லை போலருக்கே?” என்றார் அப்பா.

“போடறதில்லை,” என்றார் பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் பெருமையாக ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடும்போது சத்தம் வராவிட்டாலும், உள்ளே அந்தக் களகளவாவது கேட்க வேண்டாமா? எல்லோரும் சுண்டல் சாப்பிடுகிற நேரம் பார்த்து, தண்ணீர் எடுக்கிற சாக்கில் கதவைத் திறந்தேன். விளக்கு எரியவில்லை. குளிர் இல்லை, அந்துருண்டை வாசனைதான் வந்தது. கீழ்த்தட்டில் துவரம்பருப்பு டப்பா, மேல்தட்டில் மடித்து வைத்த பெரியப்பாவின் கோட்டு, அதன்மேல் சுருட்டி வைத்த டை.

பின்னாலிருந்து பெரியம்மாவின் கை வந்து கதவை மெல்ல மூடியது.

“பானைத் தண்ணி தரேன் வா. ஜில்லுனு குடிச்சா தொண்டை கட்டிக்கும். நீ பாடற பொண்ணு இல்லையா?”

பஸ்ஸில் அப்பா பொருமிக்கொண்டே வந்தார். “பாத்தியா, மூச்சு விடற சத்தம்கூட இல்லை! நம்மாத்துது கோளாறுதான். நவராத்திரி முடியட்டும், கடைக்காரனை எடுத்துண்டு போகச் சொல்றேன்.”

கடைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வது? ரோஸ்மில்க் ஐஸ் தருவதாக வகுப்பில் பாதிப் பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், “பெரியம்மாவாத்து ஃபிரிட்ஜ்ல லைட்டே எரியலைம்மா. உள்ள கோட்டும் பருப்பும்தான் இருக்கு” என்றேன்.

அம்மா மூட்டப்போன அடுப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்லை.”

“சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே.”

பெரியப்பாவின் கம்பெனியை இழுத்து மூடி மாதக்கணக்காகியிருந்தது என்பதும், அதை அவர்கள் உறவில் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று ராத்திரி அம்மா அப்பாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது: “திருப்பியெல்லாம் குடுக்க வேண்டாம். எனக்கு இந்தச் சத்தம் பிடிச்சிருக்கு. ஆத்துல இன்னொரு மனுஷா இருக்காப்பல இருக்கு.” அந்த ஃபிரிட்ஜ் அதே கொர்ரோடு, எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் ஓடியது.

சரஸ்வதி பூஜையன்று பெரியம்மா எங்கள் கொலுவுக்கு வருவதாக இருந்தது. நான் காலையிலேயே ரோஸ்மில்க்கை ஐஸ் தட்டில் ஊற்றி உள்ளே வைத்திருந்தேன். மத்தியானம் பார்த்தால் அம்மா பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, என் ஐஸ்!”

“சும்மா இரு. பெரியம்மா வரா.”

பெரியம்மா வந்தால் என் ஐஸ் ஏன் உருக வேண்டும்? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

பெரியம்மா வந்தாள். தலையாட்டி பொம்மை ஆடாமல் அசையாமல் நின்றது. அம்மா அவளுக்குப் பானைத் தண்ணீரே கொண்டுவந்து கொடுத்தாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மாடி வீட்டு மாமாவோடு பேசிவிட்டு அப்பா உள்ளே நுழைந்தார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“அக்கா, கேட்டேளா? தானே சரியாயிடுத்து! உங்காத்துது மாதிரியே ஆயிடுத்து பாருங்கோ, ஓடறதே தெரியலை!”

அதே நேரம் ஃபிரிட்ஜ் கதவின் அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு கோடு இறங்கிக் கோலத்தை நோக்கி ஓடி வந்தது. பெரியம்மா அதைப் பார்த்தாள். பிறகு சுவரில் காலியாக இருந்த பிளக் ஓட்டைகளைப் பார்த்தாள். அம்மா தலை நிமிராமல் தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆமாம், நல்ல ஃபிரிட்ஜ்னா இப்படித்தான் இருக்கும்,” என்றாள் பெரியம்மா அப்பாவிடம். அவர் குளிர்ந்துபோய்ச் சட்டையை மாற்ற உள்ளே போனார்.

பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏண்டி...” என்று ஆரம்பித்தாள். முடிக்க வரவில்லை. திடீரென்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. என் ஐஸ் உருகியதற்காகப் பெரியவர்கள் இரண்டு பேர் அழுகிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. பெரியம்மாவின் மடியில் போய் ஏறிக்கொண்டு, “பரவாயில்லை பெரியம்மா, நாளைக்கு வேற பண்ணிக்கலாம்” என்று ஆறுதல் சொன்னேன்.