காயல் லாயத்து மாப்பிள்ளைகள்

ஷஹீராவுக்குக் குதிரை என்றால் பயம். அமீரகத்தில் அவர்கள் இருக்கும் புஜைரா கடற்கரையில் யாராவது குதிரையை நடத்திக்கொண்டு வந்தால்கூட, கணவர் ராஜிக்கின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஆள். அப்படிப்பட்டவள் ஒரு லாயத்துக்கே எஜமானி ஆன கதை இது. இப்போதே சிரிக்க வேண்டாம், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எல்லாம் மகள் அஃப்னாவால் வந்த வினை. அவள் டேப்லெட்டில் ஒரு குதிரை விளையாட்டு வைத்திருந்தாள். குதிரை வாங்கலாம், தீனி போடலாம், குட்டி எடுக்கலாம், வளர்த்து அழகுப் போட்டிக்கு அனுப்பலாம். உலகம் முழுக்க ஆட்கள் கூடி ஆடுவது. பத்தாம் வகுப்பு வந்ததும் அஃப்னாவுக்கு அது சலித்துவிட்டது. டேப்லெட் சும்மா இருக்குமா? ஷஹீரா அடுப்படியில் அதை வைத்துச் சமையல் வீடியோ பார்க்கும்போதெல்லாம், 'உங்கள் குதிரைக்குப் பசிக்கிறது' என்று மணியடித்தது.

"அந்த வாயில்லா ஜீவனுக்குத் தீனி போடுடி!"

"அது சும்மா கேம், உம்மா. டெலிட் பண்ணிடுங்க."

"பசிக்குதுன்னு கேக்குறத டெலிட் பண்ணவா? நல்லாத்தான் இருக்கு!"

அன்று அவளே தீனி போட்டாள். மறுநாளும் போட்டாள். பிறகு மகளின் கணக்கைத் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டு புதிதாகச் சேர்ந்தாள். புதிதாகச் சேருகிறவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். எல்லோரும் சின்ன வயதில் சவாரி பழகிய பெருமையை எழுதியிருந்தார்கள். ஷஹீரா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினாள்: 'ஸலாம். காயல்பட்டினம் சொந்த ஊர், இருப்பது புஜைராவில். குதிரையை நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். ஆனால் பட்டினி போட மாட்டேன்.' கூட்டத்துக்கு அவளைப் பிடித்துப்போனது. பில்டிங்கில் அவள் ராஜிக் பாய் வீட்டம்மா, அஃப்னாவின் உம்மா. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு நாதியில்லை. இங்கேயோ பின்லாந்துக்காரியிலிருந்து பிரேசில்காரிவரை 'ஷஹீரா, ஷஹீரா' என்று உருகினார்கள். அவள் குதிரைகளின் பெயரெல்லாம் 'காயல்' என்று தொடங்கும். காயல் மைமூன் என்ற செம்பழுப்புக் குதிரை நடையழகில் முதல் பரிசே வாங்கியது. அன்று வீட்டில் பிரியாணி.

அந்த விளையாட்டில் ஒரு நடைமுறை உண்டு. பெண் குட்டிக்குத்தான் சந்தையில் கிராக்கி, விற்றுவிடுவார்கள். ஆண் குட்டி மிஞ்சினால் காயடித்து ஓரமாகக் கட்டுவார்கள். ஷஹீராவுக்கு இரண்டுமே ஆகவில்லை. காயல்பட்டினத்தில் கல்யாணமானாலும் மகள் உம்மாவோடுதான் இருப்பாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகள் பிறந்தால் அவளுக்கொரு வீடு கட்டும் கவலை வாப்பாவைப் பிடித்துக்கொள்ளும். மனுஷருக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயமா? பெண் குட்டி ஒன்றைக்கூட அவள் விற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே புதுக் கொட்டடி கட்டினாள். ஆண் குட்டிகளை, நல்ல பெண் குதிரை இருக்கிற லாயமாகப் பார்த்து, இலவசமாக அனுப்பிவைத்தாள். வெறுங்கையோடு அனுப்புவாளா? கூடவே ஒரு சேணம், ஒரு மூட்டை கேரட். மாப்பிள்ளை சீர்!

விளையாட்டை நடத்துகிறவர்கள் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று பெயரில் சேர்ந்து, நல்ல குதிரைகளை இலவசமாகக் கைமாற்றி ஏமாற்றுவது அங்கே பெரிய குற்றம். திடீரென்று ஒரு காலையில் ஷஹீராவின் லாயம் பூட்டிக்கிடந்தது. மேற்பார்வை பார்க்கும் பின்லாந்துக்காரி ஹெல்மி எழுதியிருந்தாள்: கொடுத்த குட்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்தில் லாயம் கலைக்கப்படும். மைமூனும் அவள் மகள்களும் ஒட்டுமொத்தமாகப் போய்விடுவார்கள்.

ஷஹீரா பிழியப் பிழிய அழுதாள்.

"தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதுங்க உம்மா. குட்டிங்கள திருப்பி வாங்கிட்டா கலாஸ், முடிஞ்சுது," என்றாள் அஃப்னா.

"தெரிஞ்சேதான் செஞ்சேன். கட்டிக் கொடுத்த மாப்பிள்ளைய திருப்பி இழுத்துட்டு வரவா? என்ன பேச்சு பேசுற!"

உட்கார்ந்து அவளே எழுதினாள். ஊர் வழக்கத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதி, 'நான் ஏமாற்றவில்லை, சம்பந்தம் செய்தேன்' என்று முடித்தாள். அடுத்த நாள் பார்த்தால் விளையாட்டின் பக்கம் பதில்களால் நிறைந்து வழிந்தது. மாப்பிள்ளை எடுத்த அத்தனை லாயக்காரர்களும் அவளுக்காகச் சண்டைக்கு நின்றார்கள். ஹெல்மியும் இளகிவிட்டாள். 'நம்புகிறேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான். குட்டிகள் அங்கேயே இருக்கட்டும், பதிலுக்கு ஏதாவது பெற்றுக்கொள்ளுங்கள்.'

சேணம், வண்டி, வைக்கோல் என்று எல்லோரும் அனுப்பினார்கள். பிரேசிலில் நர்ஸாக இருக்கும் லூசியாவிடம் மட்டும் கொடுக்க வேறொன்றும் இல்லை. தன் லாயத்தில் பிறந்த ஒரே பெண் குட்டியை நீட்டினாள். 'தயவுசெய்து எடுத்துக்கொள், ஷஹீரா. உன் லாயம் போகக் கூடாது.'

ஷஹீரா தொடவேயில்லை. தாயிடமிருந்து மகளைப் பிரிப்பதா? அது பாவம் என்று ஒரே பிடியாக நின்றாள். வாரமும் முடியப்போனது.

மத்தியானம் கடையடைத்துச் சாப்பிட வந்த ராஜிக் தட்டைப் பார்த்தபடியே சொன்னார், "நீ அப்படி வரலையா, புள்ள? உங்க உம்மாகிட்டேர்ந்து உன்னை இங்க கூட்டிட்டு வந்தது நான்தானே. அதும் பாவம்தான்."

ஷஹீரா சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். ஊர்ப் பெண்களெல்லாம் உம்மாவோடு இருக்க, ஃபேமிலி விசா வந்ததும் கிளம்பி வந்தவள் அவள். உம்மாவை ஒரு தடவையாவது இங்கே வரவழைத்துக் காட்ட வேண்டும் என்று எத்தனையோ முயன்றாயிற்று. விசாதான் கைகூடவில்லை.

"பாவம்லாம் ஒண்ணுமில்ல மச்சான். நான் விரும்பித்தான் வந்தேன்," என்றாள். "உம்மாவுக்குத்தான் நான் இருக்குற இடத்த ஒரு தடவ பார்க்கக் குடுத்துவைக்கல."

சாப்பாடு முடிந்ததும் டேப்லெட்டை எடுத்து, குட்டியை ஏற்றுக்கொண்டாள். காயல் என்ற பெயரை அதற்கு ஒட்டவில்லை, பிறந்த வீட்டுப் பெயரே இருக்கட்டும் என்று விட்டாள். மைமூனுக்கு அடுத்த கொட்டடியில் விட்டாள். லாயம் திறந்துகொண்டது. ஹெல்மி முதற்கொண்டு எல்லோரும் பூங்கொத்துப் படமாக அனுப்பித் தள்ளினார்கள்.

ஷஹீரா எதையும் பார்க்கவில்லை. லூசியாவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்: 'உன் மகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். அவள் உம்மாவை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவை, எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கட்டும். என் லாயத்துக்கு வர விசா வேண்டாம்.'