தொக்கம் எடுத்த நாள்

என் உள்நாக்கை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் தங்கள் உள்நாக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சவரக் கண்ணாடி, வாயை அகலப் பிளந்துகொண்டு கொல்லைக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு இரண்டு தடவை. சிவந்து, வழவழவென்று, எச்சில் நூல் விட்டுத் தொங்கும் அந்தச் சதையைப் பார்த்தாலே குமட்டும். குமட்டினாலும் பார்ப்பேன். மூன்று மாதம் என் பிழைப்பு இப்படித்தான் ஓடியது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் கட்சி ஆட்சியில் இருந்தது. வட்டாரத்தில் நல்ல பேச்சாளன் என்று எனக்குப் பெயரும் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சவ்வுத் துண்டு. குடவாசலில் ஒரு நண்பனுக்குக் கல்யாணம். ஐயர் இல்லாமல், மாலை மாற்றி நடந்த கல்யாணம். நான்தான் ஒரு மணி நேரம் வாழ்த்திப் பேசினேன். பேசிய பசியோடு பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரிடம் பேச்சைத் தொடர்ந்துகொண்டே ஆட்டுக்கறியை அள்ளிப் போட்டேன். ஒரு துண்டு எவ்வளவு மென்றும் மசியவில்லை. சரி போ என்று விழுங்கினேன். அது பாதியில் நின்றுவிட்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பக்கத்து இலைக்காரர், "யாரோ நெனைக்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே என் உச்சந்தலையில் தட்டினார். எனக்குக் கண் இருட்டியது. பின்னாலிருந்து யாரோ முதுகில் ஓங்கிக் குத்த, துண்டு தெறித்து இலையில் ரசம் சோற்றின் மேல் விழுந்தது. வெளுத்துப்போய், கோழை சுற்றிக்கொண்டு கிடந்தது. எதிர் வரிசைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கி வாயில் போட்டார். ரசம் ஊற்றுகிறவர் நாலு இலை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு அன்று ஆரம்பித்தது. தொண்டையில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. எச்சிலை விழுங்கிப் பார்ப்பேன், இருக்கும். இன்னொரு தடவை விழுங்கினால் இன்னும் நன்றாக இருக்கும். துண்டில் பாதி உள்ளே தங்கி அழுகுகிறது என்று முதல் மாதம் நினைத்தேன். இரண்டாம் மாதம் புற்றுநோய் என்று முடிவு செய்தேன். அம்மா சோற்றைக் குழையக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, துணியில் வடிகட்டிக் கொடுப்பாள். அதையும் நான் நாற்பது தடவை மென்று, பாதியை வாழை மரத்தடியில் துப்பிவிட்டு வருவேன். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்பா உருண்டை உருண்டையாக உள்ளே தள்ளும்போது அவர் குரல்வளை ஏறி இறங்கும். அருவருப்பாக இருக்கும். கண்ணை எடுக்கவும் முடியாது.

கும்பகோணத்தில் ஒரு டாக்டர் கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை, பயந்தான் இருக்கு" என்றார். தஞ்சாவூரில் இன்னொருவர் அதையே சொல்லி, சிவப்பாக ஒரு டானிக்கும் எழுதித் தந்தார். பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் நிம்மதியாக இருக்கும். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் தொண்டையில் மறுபடி அது வந்து உட்கார்ந்துகொள்ளும். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. கூட்டங்களில் பேசப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

"தொக்கம் எடுத்துட்டு வாயேன்டா" என்றாள் அம்மா. சிக்கிக்கொண்ட பழைய சாப்பாட்டைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பதாகச் சொல்லும் வைத்தியம் அது. எனக்குக் கோபம் வந்தது. அது எப்படிப்பட்ட ஏமாற்று என்பதை எத்தனையோ மேடைகளில் செய்தே காட்டியவன் நான். வேகவைத்த கோழிச் சதையைக் கன்னத்துக் கொடுப்பில் ஒளித்துக்கொண்டு, ஒரு பையனின் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சி, தட்டில் துப்புவேன். கைதட்டல் அடங்க நேரமாகும். அம்மாவும் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் தொக்கம் எடுக்கிறவள் ஒருத்திதான். நாற்பது வயதிருக்கும். வாய்க்காலுக்குத் தெற்கே கூலிக்காரர்கள் குடியிருப்பில் இருந்தாள். எங்கள் வயலில் நடவு நட்டவள். அப்பா மடத்து நிலம் மூன்று வேலி, இருபது ஏக்கர் இருக்கும், குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்துவந்தார். அந்தத் தை மாதம் கூலி நெல்லைக் கூட்டித் தந்தால்தான் அறுப்புக்கு இறங்குவோம் என்று தெற்குத் தெருவில் முடிவெடுத்திருந்தார்கள். பன்னிரண்டு நாளாக ஒரு அரிவாளும் இறங்கவில்லை. சம்பா முற்றி உதிர ஆரம்பித்திருந்தது. மேடையில் நான் கூலிக்காரர்கள் பக்கம் பேசுகிறவன். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். அப்பாவும் எடுக்க மாட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் எச்சில்கூட இறங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, மூங்கில் பாலத்தைத் தாண்டித் தெற்கே போனேன்.

கொடிக்கம்பத்தடியில் பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்கள். கூலிக்காரர்கள் சங்கத் தலைவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, தன் துண்டாலேயே துடைத்துப் போட்டார்.

"வாங்க தம்பி. நீங்க வருவீங்கன்னு நான் சொன்னேன், இவனுவொ நம்பல" என்றார். "சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். என் தொண்டையைத் தவிர வேறெதுவும் எனக்கு மூன்று மாதமாக நினைவில் இல்லை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒரு பெண் தம்ளரில் வரக்காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அடைத்துக்கொள்ளும் என்ற பயம். மேல்சாதிக்காரன் தங்கள் வீட்டுக் காப்பியில் வாய் வைக்கவில்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"தொண்டையில அடைச்சிக்கிட்டே இருக்குங்க" என்றேன். "தொக்கம் எடுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைவர் ஒரு ஆளைப் பார்த்து, "அதுகிட்ட அழைச்சிக்கிட்டுப் போ" என்றார். "நாங்க இங்கயே இருக்கோம் தம்பி, முடிச்சிட்டு வாங்க."

அவள் வாசலில் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அது பொய்யின்னு மேடையில சொன்னீங்களாமே சின்னையா. எம் மவ கேட்டுட்டு வந்து சொன்னா" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"சொன்னேங்க" என்றேன். நான் எல்லோரையும் 'ங்க' போட்டுப் பேசுகிறவன். அதில் எனக்குப் பெருமை வேறு.

"உக்காருங்க."

உள்ளே அடுப்பு சாம்பல் அள்ளிக் கிடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வயல் நத்தை ஓடுகள் குவிந்திருந்தன. அவள் என் கழுத்தில் விளக்கெண்ணெய் தடவி மேலிருந்து கீழே நீவினாள். கை சொரசொரவென்று இருந்தது. பிறகு வாய் கொப்பளித்துவிட்டு வருவதாகச் சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பினாள். அந்த இடத்தில்தான் துண்டு கொடுப்புக்குள் போகும். அதைச் சொல்லித்தான் நான் கைதட்டல் வாங்குவேன். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

விரல் நீள மூங்கில் குழலைத் தொண்டைக் குழியில் வைத்து உறிஞ்சினாள். வெற்றிலை வாடை அடித்தது. கன்னத்தில் அவள் எச்சில் துளி பட்டது, துடைக்கவில்லை. "பாருங்க" என்றாள். பூவரச இலையில் சிவப்பு எச்சிலுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு சதை. "எத்தினி நாளா கெடந்திருக்கு பாருங்க. அதான் எறங்கல."

அது நத்தைச் சதை. குழந்தைக்குக்கூடத் தெரியும். பன்னிரண்டு நாளாக அந்தத் தெருவில் அவித்த கறி அது ஒன்றுதான். அதில் ஒரு துண்டை என் தொண்டைக்காக எடுத்துவைத்திருக்கிறாள். இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டிருக்கும்போதே தொண்டை திறந்துவிட்டது. எச்சிலை விழுங்கினேன், இறங்கியது. மறுபடி விழுங்கினேன், அதுவும் இறங்கியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்த நத்தையின் மேல் வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

வெளியே வந்தேன். சொன்னபடியே எல்லோரும் அங்கேயே இருந்தார்கள்.

"சரியாயிடுச்சா தம்பி?" என்றார் தலைவர்.

"ஆயிடுச்சிங்க."

"சந்தோசம். அப்ப சொல்லுங்க, அப்பா என்ன சொன்னாங்க?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "நான் அப்பாகிட்ட பேசறேங்க" என்றேன். எத்தனை கூட்டத்தில் எத்தனை வாக்குறுதி கொடுத்த வாய்.

"பேசுங்க தம்பி. நீங்க சொன்னா கேப்பாங்க" என்று மூங்கில் பாலம் வரைக்கும் கூடவே வந்தார்.

வீட்டில் விரால் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கடையாத சோறு போடு என்றேன். அம்மா நம்பாமல் ஒரு கரண்டி போட்டாள். அது போனதும் இன்னும் இரண்டு போட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாய் நிறைய அள்ளி வைத்தேன். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கி வேதாரண்யம் பக்கத்துலேருந்து ரெண்டு லாரி ஆளு வருது அறுப்புக்கு" என்றார். "போலீசுக்கும் சொல்லியாச்சு. தெக்குத் தெருவுல எவனாவது குறுக்க நின்னா அவங்க பாத்துக்குவாங்க. நீ ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லு."

அவர் உண்மையாகவே காத்திருந்தார். கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயில் சோறு இருந்தது. முள் இருக்கிறதா என்று நாக்கால் துழாவிப் பார்த்து, நன்றாக மென்று விழுங்கினேன். எங்கேயும் நிற்காமல் இறங்கியது. அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.