பில்லையை அவிழ்த்துக் கொடுத்த நாள்

கோட்டைக்குள் நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன். ஐகோர்ட்டு, செத்த காலேஜ் என்று நாங்கள் சொல்லும் மியூசியம், பீச்சு எல்லாம் பார்த்தது அதே நாளில்தான். ஒரு லாரியில் பதினெட்டுப் பேர் போனோம். நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் ஒரு தகர டப்பா கம்பெனியில் எனக்கு வேலை. தகரத்தை வெட்டி, மடித்து, ஈயம் பற்றவைத்து மண்ணெண்ணெய் டப்பா செய்வோம். விரலில் எப்போதும் வெட்டு இருக்கும். சோற்றில் கை வைத்தால் எரியும்.

கம்பெனி கேட்டுக்கு உள்ளே ஒரு கறுப்புப் பலகை. அதில் வரிசையாக ஆணி. ஆளுக்கு ஒரு பித்தளைப் பில்லை, நம்பர் அடித்தது. ஆபீசில் அதை டோக்கன் என்பார்கள். காலையில் அவரவர் ஆணியில் அவரவர் மாட்ட வேண்டும். எட்டு மணிக்குச் சங்கு ஊதியதும் பலகைக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிடுவார்கள். பில்லை தொங்கினால் நீ வந்திருக்கிறாய். தொங்காவிட்டால், மிஷின் முன்னால் நின்றாலும் நீ வரவில்லை. சாயந்திரம் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஞாயிறு போக ஒரு வருஷம் விடாமல் பில்லை தொங்கினால் ஆள் நிரந்தரம். நடுவில் ஒரு நாள் ஆணி காலியாக இருந்தால் மறுபடி முதல் நாளிலிருந்து. காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். வீட்டில் சாவு என்றாலும் அப்படித்தான். அதனால் பில்லையை யாரும் யாரிடமும் கொடுப்பதில்லை. அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு தூங்குவோம்.

நாங்கள் பதினெட்டுப் பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நிரந்தரமானால் லைன் வீடு கிடைக்கும். ஓடு போட்ட ஒரு ரூம், பொதுக் குழாய். நான் அப்போது தண்டையார்பேட்டையில் கால்வாய் ஓரம் குடிசையில் இருந்தேன். மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும். என் மனைவிக்கு ஆறு மாதம். அவள் ஒரு நாள் தானாகவே நடந்துபோய் லைன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். குழாயிலிருந்து ரெண்டாவது கதவு வேண்டும் என்றாள். முதல் கதவு சேறாக இருக்கிறதாம்.

அந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டவன் என் சிநேகிதன். சின்ன வயசிலிருந்து ஒன்றாகக் கடலில் விழுந்து குளித்தவர்கள் நாங்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். அவன் எட்டாவது வரை படித்தான். நான் மூன்றாவதோடு நின்றேன். கம்பெனி கேட்டில், டைம் எழுதுகிறவருக்குக் கையாளாக அவன் இருந்தான். பலகையின் சாவி அவனிடம் இருக்கும்.

அவன்தான் வந்து சொன்னான்.

"அவசர ஆர்டர முட்ச்சிக் குட்த்தீங்கள்ல, மேல ரொம்ப குஷியா கீறாங்க. உங்க செட்டு பதினெட்டு பேருக்கும் பட்டணத்த சுத்திக் காட்டச் சொல்ட்டாங்க. நான்தான் இட்டுகினு போறேன்."

"வேல நாளா?"

"ஆமா. வேலையாவே எழுதிப்பாங்க மாமு. சோறும் கம்பெனிதுதான். இன்னா மூஞ்சி அப்டி ஆவுது? சும்மா வா."

எங்களில் பாதிப் பேர் கோட்டை மதிலை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. பட்டணம் என்றால் எங்களுக்கு வண்ணாரப்பேட்டை வரைதான். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

லாரி ஏழு மணிக்குத் தேரடியில் நின்றது. டப்பா ஏற்றுகிற லாரிதான். பலகை போட்டிருந்தார்கள். கேட்டு திறக்க நேரம் இருந்தது. என் சிநேகிதன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

"பில்லையெல்லாம் குடுங்க. நான் ஓடிப்போய் மாட்டிட்டு வந்துட்றேன். கேட்டுக்குப் போய்ட்டு வந்தா லேட்டாய்டும்."

யாரும் அசையவில்லை. எங்கள் செட்டில் வயசில் மூத்தவர் நெட்டுக்குப்பத்துக்காரர். தினம் அவ்வளவு தூரம் நடந்து வருவார். கடல் வேண்டாம் என்று வந்தவர். அவர் தம்பி போன கட்டுமரம் திரும்பவில்லை. அவர் இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பொண்டாட்டிய வேணா உட்டுட்டு வர்றேன். பில்லைய குடுக்க மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் சிநேகிதனும் சிரித்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். 

நான் வேட்டியைத் தளர்த்தி முடிச்சை அவிழ்த்தேன். என் பில்லையை முதலில் கொடுத்தேன்.

"குடுண்ணா," என்றேன். "நம்ம தோஸ்துதான். சாவியே அவன்கிட்டதான் கீது."

"நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

அவர் அவிழ்த்தார். அவர் முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தார். அவர் கொடுத்த பிறகு எல்லோரும் கொடுத்தார்கள்.

அவன் சைக்கிளில் போனான். கொஞ்ச நேரத்தில் வந்தான். "ஆச்சு, ஏறுங்க," என்றான்.

ராயபுரம் வழியாகப் போனோம். முதலில் ஐகோர்ட்டு. செக்கச்செவேல் என்று இருந்தது. முதல் உலகச் சண்டையில் ஜெர்மன் கப்பல் போட்ட குண்டு விழுந்த இடத்தைக் காட்டினான். அங்கே பதித்திருந்த கல்லை வாசித்துச் சொன்னான். அவன் நன்றாகச் சொல்வான். வழியில் போகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

கட்டடத்துக்கு மேலே லைட் ஹவுஸ். எங்களை ஏற விட்டார்கள். சுற்றிச் சுற்றிப் படி. அவன் முன்னால் ஏறினான், நான் அவனுக்குப் பின்னால். ஒவ்வொரு படிக்கும் அவன் சட்டை ஜோபியில் ஏதோ கலகல என்றது. எங்கள் செலவுக்குக் கம்பெனி கொடுத்த சில்லறை என்று நினைத்தேன்.

மேலே காற்று தள்ளியது. வடக்கே பார்த்தேன். ஹார்பர், கப்பல், ராயபுரம், அதற்கப்புறம் கரையோரமாகவே புகைபோக்கிகள். எங்கள் கம்பெனிப் புகைபோக்கியை அவன்தான் கண்டுபிடித்துக் காட்டினான்.

"அதோ பாரு. அது நம்புளுது."

புகை வந்துகொண்டிருந்தது. நான் இங்கே நிற்கிறேன், என் பில்லை அங்கே தொங்குகிறது, எனக்கு ஒரு நாள் ஏறுகிறது என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. இன்னும் எட்டு நாள் என்று அவனிடம் சொன்னேன். அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். காற்றுக்கு அவன் கண்ணில் தண்ணீர். காற்றுக்குத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கோட்டையில் அகழியைப் பார்த்தோம். பீரங்கி பார்த்தோம். எங்கள் ஆள் ஒருவன் பீரங்கியை விரலால் தட்டி, "எத்தினி கேஜ் தகரம் இது?" என்றான். "இத்துல எண்ணெ ஊத்துனா ஒழுவாது," என்றான் இன்னொருவன். கொடிமரம் பழைய கப்பலின் பாய்மரம் என்று என் சிநேகிதன் சொன்னான். நெட்டுக்குப்பத்துக்காரர் அதைக் கீழிருந்து மேலே பார்த்தார்.

"மரம் நல்ல மரம். ஆனா இம்மாம் ஒசரத்துக்குப் பாய் கட்னா, அந்தக் கப்பல் எங்க ஓரம் வந்தா மணல்ல ஒக்காந்துடும்," என்றார். அன்று அவர் பேசியது அதிகம்.

மத்தியானம் எழும்பூரில் செத்த காலேஜ். அங்கே ஒரு திமிங்கலத்தின் எலும்பு நிற்கிறது. நாலைந்து லைன் வீடு சேர்ந்த அளவுக்கு நீளம். அவர் அதை விட்டு வரவில்லை. "இத்த எப்டி கரைக்கு இஸ்துகினு வந்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் சிநேகிதன் பலகையில் எழுதியிருந்ததை அவருக்காக மறுபடி மறுபடி படித்தான். பொறுமையாகப் படித்தான். அதில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னான்.

சாயந்திரம் பீச்சில் எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தான். காசை இடது ஜோபியிலிருந்து எடுத்தான். கலகல என்றது வலது ஜோபி. நான் அதைக் கவனித்தேன். கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கடலில் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. கடலைக் கண்டால் முதலில் விழுகிறவன் அவன். சட்டையைக் கழற்றாமல் மணலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் மாமு, வரல?"

"ஜலுப்பு புட்ச்சிகிச்சி."

காலையிலிருந்து அவன் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. அதையும் கவனித்தேன். அதையும் கேட்கவில்லை.

இருட்டுகிற நேரத்துக்குத் தேரடியில் இறங்கினோம். பில்லை என்றேன். கேட்டு பூட்டியிருக்கும், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் திமிங்கலத்தைச் சொன்னேன். பழக்கத்தில் இடுப்பைத் தொட்டேன். வெறும் கயிறு. தூக்கம் சரியாக வரவில்லை.

காலையில் கேட்டுக்குப் போனேன். பலகையின் கம்பிக் கதவு திறந்திருந்தது. எங்கள் பதினெட்டு ஆணியும் காலி. கேட்டு ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் மேஜையில் பதினெட்டுப் பில்லை, வரிசையாக அடுக்கி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நேத்து உங்க செட்டு வரலன்னு ரிப்போட்டாய்க்கீது. கணக்கு அறுந்துபோச்சி. வேல வேணும்னா இன்னிலேர்ந்து புதுசா மாட்டலாம்."

பின்னால் நின்றவர்களுக்கு உடனே புரியவில்லை. ஒருவன், "இன்னா வெளையாட்டு இது? நீதான இட்டுகினு போன?" என்றான்.  பதினெட்டுப் பேரை ஒரே மாதத்தில் நிரந்தரம் பண்ண வேண்டாம் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். அது அப்புறம் வெளியே வந்தது. லாரி கொடுத்ததும் சோறு கொடுத்ததும் அதற்குத்தான்.

நான் ஜன்னல் கிட்டே போனேன்.

"லைட் ஹவுஸ்ல ஏறச்சொல்லோ ஜோபில சத்தம் கேட்டுது. இதானா?"

அவன் என் பில்லையை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

"எனக்கும் வூடு கீது மாமு. மேல சொல்றாங்க, நான் இன்னா பண்ணட்டும்? என்னிய எட்த்துட்டு வேற ஒர்த்தன ஒக்கார வெப்பாங்க."

"நேத்தே சொல்லியிருக்கலாம். பீச்சுலயாவது."

"சொல்லியிருந்தா இன்னா? கேட்டு பூட்டியாச்சு." மேஜையைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு நாளாவது சோக்கா இருக்கட்டும்னு நெனச்சேன்."

சங்கு ஊத நேரமாகிவிட்டது. நகரச் சொன்னான்.

நெட்டுக்குப்பத்துக்காரர் தன் பில்லையைத் தொடவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அவன நான் நம்பல, தம்பி," என்றார். "ஒன்ன நம்பித்தான் குட்த்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார்.

நான் மாட்டினேன். குடிசையில் ஆறு மாத வயிறு இருக்கிறது. மற்றவர்களும் ஒவ்வொருவராக மாட்டினார்கள். கம்பிக் கதவைப் பூட்டினது அவன்தான்.

மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து பானையெல்லாம் எடுத்துப் பரண்மேல் வைத்தாள். மழை வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அவனோடு அப்புறம் பேசவில்லை. தினம் காலையில் அவன் ஜன்னலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவன் "மாமு" என்பான். நான் பில்லையை மாட்டிவிட்டுப் போவேன். என் மகன் பிறந்தபோது அவன் வாங்கி அனுப்பிய துணியைத் திருப்பி அனுப்பினேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பம் போனேன். அவர் கழிமுகத்து ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி கடலுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"பில்லைய இட்ப்புல கட்டிகினு கீறியா?" என்றார்.

"கட்டிகினுதான் கீறேன்."

வலையை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். உள்ளங்கை விரிந்திருந்தது.

"குடு."

அன்று ஞாயிறு. கம்பெனி இல்லை. பில்லை அவரிடம் ஒரு நிமிஷம் இருந்தால் ஒன்றும் ஆகாது. எனக்கு அது தெரியும். அவர் அதை வைத்துக்கொள்ள மாட்டார் என்பதும் தெரியும். என் கை இடுப்புக்குப் போயிற்று. முடிச்சு விரலில் பட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது.

அவர் என் இடுப்பைப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துக்கொண்டு வலையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"சர்தான். கூடைல மீனு கீது. வூட்டுக்கு எட்த்துகினு போ," என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன்.