டிப்போ வாசலில் சாய்ந்து நின்ற பஸ்

இடது கையின் இரண்டு விரல்கள் ஒரு வெள்ளைக் கட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தன. வலது கையில் பல் லேப்பிலிருந்து எடுத்து வந்த நிற மாதிரிப் பட்டை. பால் வெள்ளையில் தொடங்கி டீக் கறை வரை பதினாறு பொய்ப்பற்கள் அதில் வரிசையாக இருந்தன. கை கட்டையை மூன்றாவது பல்லோடு ஒட்டி வைத்துப் பார்த்தது, நான்காவதோடு பார்த்தது, மறுபடி மூன்றாவதுக்கே வந்தது. மேசைமேல் இருந்த ஐந்து டப்பாக்களில் இரண்டாவதில் கட்டை டக்கென்று விழுந்தது. கை அடுத்ததை எடுத்தது.

விளையாட்டுக் கட்டைதான், குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டை. ஆனால் பழைய வெள்ளைக் கட்டைகள் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. எடைக்கு வாங்கும் மூட்டையில் பத்து வீட்டு வெயில் கலந்திருக்கும். நிறம் பிரிக்காமல் சுவர் எழுப்பினால் தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கும். கடையில் பார்ப்பவருக்கு அது தெரியாது. இருபது வருடமாகப் பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொய்ப்பல் செய்துகொடுப்பவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் மகள் விளையாடி முடித்து விட்டுப்போன இரண்டு டப்பாக் கட்டைகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் உட்கார்ந்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெட்டியில் அச்சடித்துத் தருகிற மாதிரிகளை ஒன்றுகூடக் கட்டவில்லை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி, லேப் இருக்கும் நாலுமாடிக் கட்டடம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து, வரைந்து, கட்டி, கலைத்து, திரும்பக் கட்டினாள். இந்த வேலை செய்பவர்களுக்கு மூன்று விதி உண்டு. கட்டையை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, நெருக்கிச் செருகக் கூடாது. மூன்றாவதில் அவள் ரொம்பக் கறார். நெருக்கி உட்காரவைத்த பல் ஒருநாள் ஈறைக் கிழிக்கும், நெருக்கிச் செருகிய கட்டை ஒருநாள் விரிசல் விடும் என்பாள்.

இப்போது கட்டிக்கொண்டிருந்தது பஸ் டிப்போ. கணவன் இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டும் அதே டிப்போ. முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்திருக்கிறோம், அதில் வைக்க டிப்போவையே கட்டித் தர முடியுமா என்று மேனேஜர் கேட்டிருந்தார். கணவனைவிட எட்டு வயது இளையவர். அண்ணே, அண்ணி என்றுதான் பேச்சு. பன்னிரண்டு வருடத்தில் வெளியார் ஒருவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் பெயர் அட்டையும் வைப்போம் என்றார் மேனேஜர். அன்று அவள் இரண்டு முறை பல் துலக்கினாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு டிப்போவுக்குப் போய் வந்தாள். நான்கு மாதம் ஆயிற்று. ஷெட் கூரையை மட்டும் ஆறு தடவை கலைத்தாள். தனியாகத் தூக்கினால் உள்ளே வண்டி நிற்கும் வரிசை தெரிய வேண்டும், மூடினால் இடுக்கு தெரியக் கூடாது. ஏழாவது தடவைதான் அது படிந்தது. வாசல் எட்டுக் குமிழ் அகலம். எல்லாம் கணக்கு.

டிப்போவில் 'ஹாரன்' என்று பெயர் வாங்கியிருந்த கணவன் அவள் வேலையைக் கேலி செய்யாத நாள் கிடையாது. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறது போதாதுன்னு வீட்ல சுவரு கட்டுறா" என்று போனில் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அப்புறம் வண்டியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகி எலும்பில் கீறல் விழுந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முதல் வாரம் டிவி பார்த்தான், இரண்டாவது வாரம் டிவியைத் திட்டினான். மூன்றாவது வாரம் அவள் ஒதுக்கித் தள்ளிய டப்பா ஒன்றை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். மங்கிப்போன கட்டை, பல் பட்ட கட்டை, நிறம் சேராத கட்டை எல்லாம் கிடக்கிற டப்பா.

ஆறாவது வாரத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் லேப்பிலிருந்து வரும்போது வீட்டுக்குள் மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதைப் பாரேன்! அப்பாவோட பஸ்!"

சாப்பாட்டு மேசைமேல் ஒரு பஸ் நின்றது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பாதி ஆரஞ்சு. முன்விளக்கு ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அளவு என்று ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி படிக்கட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. வேலைக்குப் போகிற நேரத்துக் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் தொங்குவதுபோல, இப்போதே பெருமூச்சு விட்டுக் கிளம்பப் போவதுபோல, நிஜ பஸ் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அதை அடக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வெள்ளை எல்லாம் கலந்து கிடக்கு."

"பஸ்ஸுல வெள்ளையே இல்லையேம்மா" என்றாள் மகள்.

"சக்கரத்துக்கு மேல இருக்கு பாரு."

மகள் அதைப் படம் பிடித்து டிப்போ ஆட்களின் குழுவில் போட்டாள். போன வாரம் அதே குழுவில் டிப்போவின் படத்தையும் போட்டிருந்தாள்; நான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள், அதில் ஒருவர் தவறிக் காட்டியது. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் அறுபது பேர். 'ஹாரன் அண்ணே, அதே வண்டி!' 'ஸ்பிரிங் போன வண்டியேதான்!' 'நான் தொங்குறது தெரியுதா?' கணவன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தான். அவள் பாத்திரத்தைச் சற்று சத்தமாகவே கழுவினாள்.

மறுநாள் மேனேஜரே போன் பண்ணினார்.

"அண்ணி, டிப்போ முடிஞ்சிடுச்சா? வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன். அப்புறம், அண்ணன் செஞ்ச பஸ்ஸை முன்னாடி வாசல்ல நிறுத்திடுங்க. அதுதான் ஹைலைட்டே!"

நான்கு மாதம். ஏழு கூரை. ஹைலைட் பஸ்.

போனை வைத்துவிட்டு அவள் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போய் டிப்போ வாசலில் வைத்துத் தள்ளினாள். இரண்டு தூணிலும் இடித்து நின்றது.

"ஏங்க, உங்க வண்டி உள்ள போகாது. எட்டுக் குமிழ் அகலம் வச்சிருக்கீங்க. வாசலே எட்டுதான். ஆறுல செஞ்சிருக்கணும்."

"நிஜ கேட்லயும் உரசிக்கிட்டுத்தான் போவும். கண்ணாடியை மடக்கிட்டு ஓட்டுவேன்."

"அளவு தப்புன்னா பொம்மைங்க அது."

"பொம்மைதானேம்மா செய்யற?" என்றான் அவன்.

அவள் பஸ்ஸைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுபோய் வைத்தாள். சொல்ல நினைத்ததெல்லாம் உள்ளேயே கிடந்து புளித்தது. அவனுக்கு எப்படி வந்தது? வரையவில்லை, அளக்கவில்லை, ஒரு தடவைகூடக் கலைக்கவில்லை. குருட்டாம்போக்கில் விழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை மாவுக்கட்டைப் பிரிக்க மகள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவள் லேப்புக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள், டிப்போவைத் துடைத்து முடிக்க. துடைத்தாள். பிறகு பஸ்ஸைக் கையில் எடுத்துக் கவிழ்த்தாள். சும்மா, அடியில் என்ன செய்திருக்கிறான் என்று பார்க்க.

பார்த்ததும் முகம் சுளித்தது. மெல்லிசான தட்டு ஒன்றைக் குமிழ்களுக்கு நடுவே நிமிர்த்தி நெட்டுக்குத்தாகச் செருகியிருந்தான். நெருக்கிச் செருகல்! மூன்றாவது விதி! இதற்கா அறுபது கட்டைவிரல்? அவளுக்கு ஒருமாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. நகத்தால் அந்தத் தட்டை லேசாக நெம்பினாள்.

பஸ் மொத்தமாக மடியில் உதிர்ந்தது.

முதலில் அவள் பதறவில்லை. கட்டடத்தையே மனப்பாடமாகக் கட்டுகிறவள். ஒரு படம்கூட எடுத்துவைக்காமல் நெம்பியதும் அந்தத் திமிரில்தான். நூற்றைம்பது கட்டை இருக்குமா? பத்து நிமிஷ வேலை. கட்டினாள். பஸ் நேராக நின்றது. கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டினாள். அதே தட்டை அதே இடத்தில் செருகினாள். பஸ் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை பின்பக்கம் தொங்கியது. ஐந்தாவது தடவை கச்சிதமான ஒரு பஸ் வந்தது, இரண்டு விளக்கும் ஒரே அளவாக. கடை ஜன்னலில் வைக்கலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். தப்பாகக் கட்ட அவள் கைக்கு வரவில்லை. குருட்டாம்போக்கு என்று அவள் நினைத்தது குருட்டாம்போக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் பொறாமை குறையவில்லை, கூடத்தான் செய்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கம்பை ஊன்றி ஊன்றி வந்தவன் மேசையைப் பார்த்தான்.

"என் வண்டி எங்க?"

"பிரிச்சுட்டேன்."

"விழுந்துடுச்சா?"

"இல்லங்க. நான்தான் பிரிச்சேன். எப்படி சாய்ச்சீங்கன்னு பாக்க." பிறகு, சொல்ல வேண்டும் என்று நினைக்காததும் வெளியே வந்தது. "எரிச்சலா இருந்துச்சு. எனக்குப் பன்னெண்டு வருஷம், உங்களுக்கு மூணு வாரம். எல்லாரும் உங்களதையே பாக்குறாங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கேலி செய்வான் என்று காத்திருந்தாள். அவன் உதிரிக் கட்டைகளைக் கையால் அளைந்தான். முகம் வாடியிருந்தது. அது அவள் எதிர்பார்க்காதது.

"மேனேஜர் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா, சந்தோஷத்துல" என்றான் கடைசியில். "அதை எப்படிச் செஞ்சேன்னு எனக்கே தெரியாது. உடையுற வரைக்கும் அமுக்குவேன், நின்னா விட்டுடுவேன்."

மகள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "டீ போடறேன்" என்று நழுவினாள்.

"எவ்வளவு சாயும் நிஜ வண்டி?" என்றாள் அவள், பென்சிலை எடுத்துக்கொண்டு.

"எவ்வளவுன்னா?"

"கூட்டம் இருக்கும்போது படிக்கட்டுப் பக்கம் எவ்வளவு இறங்கும்?"

அவன் யோசித்தான். "சீட்டுல உக்காந்தா இடது பக்க இடுப்புல அழுத்தும். அவ்வளவு. இருபத்தாறு வருஷமா அந்த இடுப்புதான் வலிக்குது. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி, படி அங்கதானே. முன்னாடி கம்மி."

பின்பக்கம் ஜாஸ்தி. அதுதான் அவளிடம் இல்லாதது. ஒரே சீராகச் சாய்த்துச் சாய்த்துத் தோற்றிருந்தாள்.

அன்று மாலையும் வியாழனும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஆறு குமிழ் அகலத்துக்கு அடிச்சட்டம் கட்டினாள். படிக்கட்டுப் பக்கம் இரண்டு கீல் வைத்து, மறுபக்கத்தில் முன்னால் ஒரு தட்டும் பின்னால் இரண்டு தட்டும் கொடுத்து, உடம்பை அதன்மேல் செருகாமல் சும்மா உட்காரவைத்தாள். நெருக்கல் இல்லை. விரலால் தட்டினால் வண்டி குலுங்கிச் சாய்ந்தது.

"இன்னும் இறக்கு" என்றான் அவன். "இன்னும். ஐயோ, கவுத்துட்ட! ஏத்து, ஏத்து. அங்கதான். தொடாத."

விளக்கை அவள் ஒரே அளவில் வைத்தாள். அவன் ஒன்றைப் பிடுங்கிச் சின்னதாக மாற்றினான்.

"எதுக்கு?"

"அது போன வருஷம் உடைஞ்சு மாத்துனது. கிடைச்சதைப் போட்டாங்க."

ஆரஞ்சுக் கட்டைக்குப் பதிலாகச் சிவப்பு வைக்கப் போனவளின் கையையும் தட்டிவிட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள். வாசலில் வைத்துத் தள்ளினாள். இரண்டு தூணிலும் உரசாமல், ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டு பஸ் உள்ளே போனது. அவன் "பாம்... பாம்..." என்று வாயாலேயே அடித்தான். மகள் கைதட்டினாள். அவளும் சிரித்தாள், ஆனால் மகள் யாரைப் பார்த்துக் கைதட்டினாள் என்பதைக் கவனிக்காமல் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே பஸ்தான் கண்ணில் பட்டது.

"அண்ணே! குழுவுல பாத்ததைவிட நேர்ல இன்னும் பிரமாதம்! தட்டுனா ஆடுதே!"

கணவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். அவள் ஷெட் கூரையை ஒற்றைக் கையால் தூக்கினாள். மேனேஜர் குனிந்து எட்டிப் பார்த்தார். உள்ளே கழுவுமிடம், டீசல் பம்பு, பெஞ்சுக்குக் கீழே கிடக்கும் ஜாக்கி வரைக்கும் இருந்தது.

"அண்ணி... இதை எப்படி..." விரலை நீட்டி ஜாக்கியைக் காட்டினார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்தார். "பெயர் அட்டை அடிக்கணும். தம்பதியர் இருவரும் சேர்ந்து செய்ததுன்னு போட்டுடலாமா? பொருத்தமா இருக்கும்."

கணவன் அவளைப் பார்த்தான். எது சொன்னாலும் தலையாட்டத் தயாராக இருந்தான்.

"சேர்ந்து செய்யலைங்க" என்றாள் அவள். "டிப்போ நான் செஞ்சது. பஸ் அவரு செஞ்சது."

"அடிச்சட்டம் நீதானேம்மா..."

"சாய்வு உங்களுது. சும்மா இருங்க." மேனேஜர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வரியா போடுங்க. டிப்போ மேல வரட்டும். பஸ் கீழ. எழுத்து ஒரே அளவு."

மேனேஜர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தாள். பிறகு பஸ்ஸை எடுத்துத் துணியில் சுற்றி அவர் பையில் வைத்தாள். டிப்போவின் அடித்தட்டை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினாள்.

"சுவரைப் பிடிக்காதீங்க. அடியில கையைக் குடுங்க. ரெண்டு கையும். ம்... இப்ப நான் விடறேன்."