மண்ணெண்ணெய் வாசம்

பென்டில் ஹில்லில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெடிக்கல் சென்டரில் பிரஷர் பார்க்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுப் பின்புறத்து அறையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளையும் அன்றைக்குத் தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் மகளின் காரில் எங்களோடு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அவள் மகனுக்கு ஐந்து வயது. கொஞ்ச நாளாகவே மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம்.

கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான். சிரித்த முகம் மாறாமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். சும்மா வைத்தியம் பார்க்க அரசாங்கம் கொடுக்கும் மெடிகேர் கார்டின் தேதி முடிந்துவிட்டதாம். விசா சரிவரும் வரை புதுக் கார்டு வராதாம், முழுக் காசையும் கட்டினால் பார்க்கலாமாம். மகள் பிறகு சொல்லித்தான் எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியும். அந்தப் பிள்ளை கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு மகனின் கையைப் பிடித்தாள்.

"வை ஆர் வி கோயிங்?" என்றான் பையன்.

அவள் அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"நீ செருப்போட வந்திட்டாய் ராசா. செருப்போட வந்தா டொக்டர் பாக்கமாட்டார்."

பையன் குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தான். வெட்கத்தோடு ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அப்போது எனக்கு எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாசம் அடித்தது.

நான் பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அதற்கு லயம் என்று பெயர். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். எனக்கு எட்டு வயது இருக்கும். தம்பி அப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கப் பழகியிருந்தான்.

தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, அதில் ஒரு மருந்துக்கார ஐயா. நோய் எதுவானாலும் மருந்து ஒன்றே ஒன்று, ரோஸ் நிறத்தில் தண்ணீர் மாதிரி இருக்கும். போத்தல் நாம்தான் கொண்டுபோக வேண்டும். டவுன் ஆஸ்பத்திரியிலும் அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே போத்தல். விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கவும் அதுதான், மருந்து வாங்கவும் அதுதான். "மருந்தக் குடிச்சிட்டு அடுப்புப் பக்கம் போயிராத, பத்திக்குவ" என்று மாமா கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம்.

தம்பிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியபோதும் அந்த ரோஸ் தண்ணீர்தான் கிடைத்தது. இழுப்பு நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்திலிருந்து ஒரு துண்டு எழுதி வாங்க வேண்டும். அப்பா போய்க் கேட்டார். "வெறும் சளி. இதுக்கெல்லாம் துண்டு கொடுத்தா தோட்டத்துக்குக் கட்டுப்படியாகுமா? நான் டாக்டரா, நீ டாக்டரா?" என்று ஐயா திருப்பி அனுப்பிவிட்டார்.

"அரசாங்க ஆஸ்பத்திரி, எல்லாருக்கும் சும்மாதான் பாக்குறாங்கன்னு சொல்றாங்க. எல்லாருலயும் நாமளும் சேத்திதானே? துண்டு இல்லாமலே போய்ப் பாரு" என்றார் அப்பா அம்மாவிடம். அவருக்கு மலையில் வேலை. அம்மா அன்றைய பேரை, அதாவது ஒருநாள் கூலியை, விட்டுவிட்டுக் கிளம்பினாள். தம்பி அவள் தோளில். போத்தல் என் கையில். டவுனுக்குப் போகிற சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் நான் முன்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் ஆள் நின்றான். அம்மாவின் மூக்குத்தியையும் சேலைக் கட்டையும் பார்த்ததுமே கையை நீட்டித் தடுத்தான்.

"தோட்டத்து ஆள்தானே? துண்டு எங்க?"

"துண்டு தரலீங்க மாத்தியா. புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க ஐயா."

"தோட்டத்தில மருந்து இருக்குதானே? அங்க போ. இது ஊர் ஆளுக்கு."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊர்க்காரப் பெண் ஒருத்தி தன் பையனோடு வந்தாள். அவனுக்கு மூக்குதான் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மருந்தோடு வெளியே வந்தாள். அவள் போத்தல் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. வாயில் நல்ல தக்கை. எங்கள் போத்தலுக்கு நான் பேப்பரைச் சுருட்டி அடைத்திருந்தேன்.

மதில் ஓரமாக மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஆள் மாறியதும் அம்மா இன்னொரு தரம் போய்க் கும்பிட்டுக் கேட்டாள். புது ஆளும் துண்டைத்தான் கேட்டான்.

திரும்பி நடக்கும்போது, "ஏம்மா நமக்கு மட்டும் ஊத்தல?" என்று கேட்டேன்.

அம்மா தம்பியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "போத்தல்ல மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதுல்ல, அதான்" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா? இதைச் சொல்லியிருந்தால் காலையிலேயே கழுவியிருப்பேனே!

மறுநாள் விடிந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு பீலிக்கு ஓடினேன். மலைத்தண்ணீர் தகரக் குழாய் வழியாக விழுகிற இடம் அது. சாம்பல் போட்டேன், மணல் போட்டேன், தேங்காய்த் தும்பைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தேன். தண்ணீர் பிடிக்க வந்த பக்கத்து அறை அத்தை, "என்னடி, கல்யாணப் பொண்ணக் குளிப்பாட்டுற மாதிரி போத்தலப் போட்டுத் தேய்க்கிற?" என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம் அத்த. வாசம் போயிட்டா மருந்து ஊத்துவாங்க" என்றேன். அத்தை அதற்குமேல் கேலி செய்யவில்லை. குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு எங்கள் லயத்துப் பக்கம் போனாள்.

போத்தலைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். தம்பி மடியில் கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் விலா உள்ளே போய் வந்தது. அம்மா போத்தலை வாங்கி மோந்து பார்த்தாள்.

"இன்னும் லேசா அடிக்குது. இன்னொரு தரம் கழுவிட்டு வா."

ஓடினேன். கழுவிக்கொண்டு வந்தேன். இந்தத் தரம் அம்மா மோந்துகூடப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. "இன்னொரு தரம் கழுவு, போ" என்றாள். அம்மாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது, அதுதான் வாசம் போனது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் போனேன். விரல் எல்லாம் வெளுத்துச் சுருங்கும் வரை தேய்த்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நேற்றைய அந்தப் பெண்ணின் போத்தலைவிட என்னுடையது பளிச்சென்று இருந்தது.

திரும்பி வந்தபோது லயத்து வாசலில் ஆம்பிளைகள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா மலையிலிருந்து வந்திருந்தார். இந்நேரத்துக்கு ஏன் வந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரே போய்ப் போத்தலை அவர் மூக்குக்குக் கிட்டே பிடித்தேன்.

"பாருங்கப்பா, வாசமே இல்ல."

அப்பா வாங்கி மோந்து பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"ஆமா தாயி, இல்ல" என்றார்.

தம்பியைப் புதைத்து எத்தனையோ நாள் கழித்தும் நான் அந்தப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்ற விடவில்லை. அடுத்த தரம் தேவைப்படும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

இந்த நாட்டுக்கு வந்தபின் எனக்கும் பச்சை நிறத்தில் ஒரு மெடிகேர் கார்டு கிடைத்தது. போன வருஷம் பாத்ரூமில் விழுந்து கை முறிந்தபோது, யார் என்ன என்று கேட்டு யாரும் என்னை வாசலில் நிறுத்தவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி குனிந்து என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கை வலியில் அழுகிறேன் என்று மகள் நினைத்தாள்.

அன்றைக்குக் காரில் வரும்போது மகளிடம் மெதுவாகக் கேட்டேன், அந்தப் பையனுக்கு ஏன் பார்க்கக் கூடாது என்று.

"எனக்கும் கவலையாத்தாம்மா இருக்கு. ஆனா வர்றவங்க எல்லாருக்கும் சும்மா பாத்தா நாட்டுக்குக் கட்டுப்படியாகாதுன்னு சொல்றாங்க" என்றாள்.

மருந்துக்கார ஐயாவும் இதையேதான் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன். பின் சீட்டில் அந்தப் பிள்ளை இருந்தாள். எனக்கு நாலாம் வகுப்புப் படிப்பு. கணக்கு வழக்குத் தெரியாது. ஆனால் கார்டும் ஒரு துண்டுதான். எல்லாருக்கும் என்று சொன்னால் அது எல்லாருக்கும் இருக்க வேண்டும். ஒருவரை வாசலில் நிறுத்தி நீ யார் என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு எல்லாருக்கும் என்று சொல்லக் கூடாது. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மகள் வேலைக்குப் போனபின் பின்கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. பையன் நின்றான். பள்ளிக்கூடத்துச் சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தான். நாடா இரண்டும் தரையில் இழுபட்டன. அவன் அம்மா தங்கள் அறைக்குள் விசா விஷயமாக யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, லுக்! ஷூஸ்!" என்றான். விசில் சத்தம் நேற்றைவிட அதிகமாகக் கேட்டது. "நவ் டொக்டர் பாப்பாரா?"

மகளுக்குப் போன் போட்டேன். வேலையை விட்டு வா என்று நான் அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோவோம், கார்டைக் கேட்டால் கேட்கட்டும் என்றேன். பிளாக்டவுனிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் பொறு என்றாள்.

பையனைப் படியில் உட்கார வைத்துச் சப்பாத்தை மாற்றிப் போட்டுவிட்டு நாடாவைக் கட்டினேன். உடனே எழுந்து நின்றான்.

"கோ?"

தெருவில் கார் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"கொஞ்சம் லூசா இருக்கு ராசா, இரு" என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.