சடையப்பன் ஜீப் ஐந்து அங்குலம் உயர்ந்த வரலாறு

"இனிமே என் காலு செய்யாத்துத் தண்ணில படாது. பட்டா என் பேரு சடையப்பன் இல்ல. எய்திக்கோ!"

1979-ம் வருஷம் ஆடி மாதத்தில், உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடையில் இந்த அறிவிப்பு வெளியாயிற்று. யாரும் எழுதிக்கொள்ளவில்லை. டீக்கடைக்காரர் கை முழுக்க வடை மாவு. ஆனால் எட்டுப் பேர் காதில் வாங்கிக்கொண்டார்கள். அது எழுதி வைப்பதைவிட ஆபத்தானது என்பது அப்போது சடையப்பனுக்குத் தெரியாது.

அன்று காலைதான் அவர் சென்னையில் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். அதற்கு முன்விளக்கு ஒன்றுதான் இருந்தது. ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடியது. இவை யுத்தத்தில் நேர்ந்த காயங்கள் என்று அவர் விளக்கினார். எந்த யுத்தம் என்று கேட்ட ஒருவருக்கு மட்டும் டீ வாங்கித் தரவில்லை.

சடையப்பனுக்குச் செய்யாற்றின் தென்கரையில் பன்னிரண்டு ஏக்கர் நன்செய். ஒரே தங்கை செல்லம்மாளை எதிர்க்கரையில் மாகறலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் பஸ் வராது, ஆற்றைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊரார் தலைமுறை தலைமுறையாக வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தாண்டி வந்தார்கள். ஆனால் ஜீப் வைத்திருக்கும் மனிதன் வேட்டியைத் தூக்கிக் கட்டினால் அது ஜீப்புக்கு அவமானம் என்பது சடையப்பனின் கொள்கை.

கொள்கைக்கு முதல் சோதனை அதே வருஷம் கார்த்திகையில் வந்தது. செல்லம்மாளின் மூத்த பெண்ணுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் திடகாத்திரமாக இருக்கும்போது வேறொருவர் மடியில் உட்கார வைத்தால், அண்ணன் தங்கைக்குள் என்ன தகராறு என்று ஊர் ஆறு மாதத்துக்கு ஆராய்ச்சி செய்யும்.

சடையப்பன் மனைவி பாஞ்சாலியோடும் சீர்த்தட்டோடும் ஜீப்பை ஆற்றில் இறக்கினார். நடு ஆற்றில் ஜீப் நின்றது. பின்சக்கர அச்சின் நடுவே பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அது மணல் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சக்கரங்கள் சுற்றின, ஜீப் அசையவில்லை.

"எறங்கி வாங்க, நடந்து பூடலாம்" என்றாள் பாஞ்சாலி.

"நீ போ. நான் ஜீப்போட வரேன்."

பாஞ்சாலி தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் கரையேறிவிட்டாள். சடையப்பன் சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் இரண்டு ஜோடி மாடு வந்து இழுக்கும்வரை அவர் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது.

அதற்குள் குழந்தை முத்துகிருஷ்ணன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டுவிட்டது. முத்துகிருஷ்ணன் செல்லம்மாளுடைய கணவனுக்குப் பங்காளி. தபாலாபீசில் வேலை.

செல்லம்மாள் வாசலிலேயே வரவேற்றாள்.

"மாமன் எங்கன்னு கேட்டாங்கோ. ஆத்துல குந்திக்கினு கீதுன்னு சொன்னேன். கேட்டவங்கல்லாம் சிரிச்சாங்கோ. போண்ணா, போ. உன் ஜீப்ப மடில வச்சிக்கினு கொஞ்சு."

அதன்பின் மூன்று வருஷம் அவள் அண்ணனோடு பேசவில்லை. முத்துகிருஷ்ணன் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார். சந்தை, கோவில், கூட்டுறவு சங்கம், எங்கே பார்த்தாலும் தம் தொடையைத் தட்டிக் காட்டுவார். "என் மடி கொஞ்சம் அகலம் சார். கொயந்த அயவேயில்ல."

1981-ல் செல்லம்மாளுக்கு ஆண் குழந்தை. பெயர் சின்னராசு. அந்தக் கார்த்திகை விட்டு அடுத்த கார்த்திகையில் காதுகுத்து என்று பத்திரிகை அடித்தார்கள். பத்திரிகையைக் கொண்டுவந்தவர் முத்துகிருஷ்ணன்.

"முகூர்த்தம் ஒம்போதரைக்குள்ள. நீங்க ஆத்துல இருந்தீங்கன்னா ஒண்ணும் அவசரப்படாதீங்க சார். எதுக்கும் இருக்கட்டும்னு நான் லீவு போட்டுட்டேன்."

அவர் போனபிறகு சடையப்பன் வெகுநேரம் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் மடி தவறினால் தங்கை என்று ஒருத்தி இல்லை. ஆகவே ஜீப்பை உயர்த்துவது என்று தீர்மானமாயிற்று.

எவ்வளவு உயர்த்த வேண்டும் என்றால் ஆற்றின் ஆழம் தெரியவேண்டும். ஆற்றில் கால் வைக்காமல் ஆழம் பார்ப்பது எப்படி? இங்கேதான் சடையப்பனின் மூளை வேலை செய்தது. அவர் வீட்டில் பவளம் என்று ஓர் எருமை. தினமும் தானாக ஆற்றைத் தாண்டி அக்கரைப் புல்லுக்குப் போய், தானாகத் திரும்பும். சடையப்பன் சுண்ணாம்புக் கட்டியோடு கரையில் குடை பிடித்துக் காத்திருந்தார். பவளம் கரையேறியதும், ஈரம் எதுவரை இருக்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டார். முதுகில் ஒரு சாண் மட்டுமே காய்ந்திருந்தது. வழியில் நடு ஆற்றில் பவளம் கால் மணி நேரம் படுத்திருந்தது. இது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

எருமையை ஓட்டிவந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது, சுண்ணாம்புக் கோடு ஸ்டியரிங்குக்கு நேரே வந்தது. "ஆத்துல இவ்ளோ தண்ணியா!" என்று சடையப்பனே அரண்டுபோனார்.

உயர்த்தும் முறை பற்றி மூன்று கட்சிகள் இருந்தன. பாஞ்சாலியின் கட்சிக் கொள்கை, "வேட்டிய தூக்கிக் கட்டிக்கினு நடந்து போங்க" என்பது. இந்தக் கட்சிக்கு டெபாசிட் போயிற்று.

இரண்டாவது கட்சி காஞ்சிபுரத்து மெக்கானிக் சாமுவேல். பதினைந்து வருஷம் மிலிட்டரி ஒர்க்ஷாப்பில் இருந்தவர். வரவழைக்கப்பட்டார். ஜீப்புக்கு அடியில் படுத்து, எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, காபி கொண்டுவந்த பாஞ்சாலியிடம் கேட்டார்.

"ஒரு தூக்கு குடும்மா."

மூடி போட்ட பித்தளைத் தூக்கு வந்தது. அதை அந்தப் பூசணிக்காய் உருண்டைக்கு அடியில் நகர்த்தினார். தூக்கின் மூடி உருண்டையில் சுரண்டிக்கொண்டு போயிற்று.

"பார்த்தியா நைனா? ஆத்துல மாட்டினது இது. பட்டைய ஏத்தினா பாடி ஒசரும், சீட்டு ஒசரும், நீ ஒசருவ. இது ஒசராது. இது சக்கரத்தோட பொறந்தது."

பட்டை என்றால், சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகள். வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குவது அவைதான்.

"அப்ப இத்த ஒசத்த இன்னா பண்றது?"

"டயரு பெருசா போடணும். போட்டா இந்த இஞ்சின் வண்டிய இயுக்காது. அப்பறம் இஞ்சினு மாத்தணும். இஞ்சினு மாத்தறதுக்கு வேற வண்டியே வாங்கிக்கலாம்."

சடையப்பன் சாமுவேலை மரியாதையாக பஸ் ஏற்றி அனுப்பினார். திரும்பி வந்து சொன்னார்: "பாவம். மிலிட்டரில இருந்துக்கினு இவ்ளோ பயந்தா எப்டி?"

மூன்றாவது கட்சி உத்திரமேரூர் வரதன். கட்டைவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற கொல்லுப்பட்டறைக்காரர். ஜீப்பைப் பார்த்ததும் வரதன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா ஒசரம் வேணும் நைனா?"

"எரும ஒசரம்."

"கறவையா, கெடாவா?"

"கறவ."

வரதன் தலையை ஆட்டிவிட்டு, சுவரில் கரியால் ஒரு குறி போட்டுக்கொண்டார். சடையப்பனுக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை விழுந்துவிட்டது. பதினைந்து வருஷம் மிலிட்டரியில் இருந்த சாமுவேல் இப்படி ஒரு நுட்பமான கேள்வி கேட்டாரா? இல்லை.

"லாரிப் பட்ட கீது. சக்கரத்துக்கு மூணு சொருகிடறேன். எரும இன்னா, உள்ளாற கன்னுக்குட்டி கட்டிக்கலாம்."

நாலு நாளில் ஜீப் ஐந்து அங்குலம் உயர்ந்தது. எருமை உயரத்துக்கு இன்னும் பாக்கி இருந்தது. ஆனால் நாலைந்து மடங்கு பாரம் சுமக்கிற லாரிப் பட்டைகளே இதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டதாக வரதன் தெரிவித்தார்.

உயர்ந்தபின் சில மாறுதல்கள் ஏற்பட்டன. ஜீப் தன்னுடைய கொட்டகைக்குள் நுழையவில்லை. கொட்டகைக் கூரையில் ஒரு வரிசை ஓடுகளைப் பிரித்தார்கள். பாஞ்சாலி ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. அதைக் கயிற்றில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டார்கள். லாரிப் பட்டைகள் இந்தச் சின்ன ஜீப்பைப் பாரமாகவே மதிக்கவில்லை. கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் சடையப்பனின் முதுகெலும்பு தனித்தனியாக அறிந்துகொண்டது. ஓட்டிக்கொண்டே பேசினால் வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன.

டீக்கடையில் ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "இன்னா நைனா, மாடி வூடு கட்டிக்கினு வந்துட்ட? மேல வாடகைக்கு வுடுவியா?"

"பொறாம" என்றார் சடையப்பன், இறங்குவதற்கு முக்காலியைத் தேடிக்கொண்டே.

குலுக்கலுக்கு மருந்து அவரே கண்டுபிடித்தார். பின்னால் எட்டு மூட்டை நெல் ஏற்றினார். ஜீப் தொட்டில் மாதிரி ஓடியது. ஆனால் உயரம் பழைய உயரமாகிவிட்டது. மறுநாள் மூட்டைகளை இறக்கிவிட்டார்.

காதுகுத்து நாள் வந்தது. மூன்று நாளாகத் தூறல், பஸ் இல்லை. காலை எட்டே முக்கால் மணிக்கு ஜீப் தென்கரையில் வந்து நின்றது. சீர்த்தட்டில் வாழைப்பழம், தேங்காய், குழந்தைக்குப் பட்டுச் சொக்காய், சின்னஞ்சிறு தங்கக் கம்மல். பாஞ்சாலி கையில் அதே பித்தளைத் தூக்கு, நாத்தனாருக்குப் பிடித்த அதிரசத்தோடு. அக்கரையில் முத்துகிருஷ்ணன் சலவை வேட்டியில், குடையும் கைக்கடிகாரமுமாக நின்றுகொண்டிருந்தார்.

சடையப்பன் கியரைப் போட்டார்.

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள் பாஞ்சாலி.

முக்காலியை இறக்கி, அதன் வழியாகத் தானும் இறங்கினாள். ஜீப்புக்குப் பின்னால் போய்க் குனிந்து, கையை நீட்டித் தூக்கை அந்த உருண்டைக்கு அடியில் தள்ளினாள்.

'சுர்ர்' என்று ஒரு சத்தம். ஐந்து அங்குலத்துக்கு முன்பு சாமுவேல் தள்ளியபோது கேட்ட அதே சத்தம்.

அவள் தூக்கை எடுத்து, முந்தானையால் மூடியைத் துடைத்தாள்.

சடையப்பன் இறங்கி வந்தார். ஈர மணலில் குந்தி, ஜீப்புக்கு அடியில் பார்த்தார். மேலே பாடி வெகு தூரத்தில் இருந்தது. புதிய பட்டைகள் பளபளவென்று வளைந்திருந்தன. அவற்றுக்குக் கீழே, பழைய இடத்தில், பழைய உயரத்தில் பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் மூன்று வருஷத்துக்கு முந்தைய மணல் கீறல்கூட அப்படியே இருந்தது.

"ஒம்போது ஆவப்போவுது சார்!" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது. "நான் வேணா போயி குந்திக்கட்டுமா?"

சடையப்பன் எழுந்தார். இஞ்சினை நிறுத்தினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேட்டியைத் தூக்கிக் கட்டினார். பாஞ்சாலியிடமிருந்து சீர்த்தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். செய்யாற்றில் வலது காலை வைத்தார். பிறகு இடது காலை.

நடு ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே ஓடியது. அங்கே அவர் ஒரு கணம் நின்று, தம் முழங்காலைப் பார்த்தார். அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த பவளத்தைப் பார்த்தார். பவளம் நிமிரவில்லை.

கரையேறியதும் முத்துகிருஷ்ணன் குடையை மடக்கினார். "இன்னா சார், கால்ல தண்ணி பட்டுடுச்சே! இனிமே உங்கள இன்னான்னு கூப்புடறது?"

"வயிய வுடு" என்றார் சடையப்பன்.

ஒன்பது பத்துக்குக் கோவில் மண்டபத்தில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். செல்லம்மாள் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்தாள்.

"வேட்டி ஈரமா கீது" என்றாள். மூன்று வருஷத்தில் அண்ணனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஆத்துல வந்தேன்" என்றார் அவர்.

அவள் கொஞ்ச நேரம் அவர் காலையே பார்த்தாள். பிறகு தன் தோளிலிருந்த துண்டை எடுத்து, நாலாக மடித்து, குழந்தைக்கும் வேட்டிக்கும் நடுவே விரித்தாள்.

காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குருக்கள் தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு அர்ச்சனைக்குக் கேட்டார்: "தாய்மாமன் பேர் சொல்லுங்கோ."

தூணருகே முத்துகிருஷ்ணன் கழுத்தை நீட்டினார்.

சடையப்பன் குழந்தையின் தலையைத் தம் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பேரு வேணாம் சாமி" என்றார் மெதுவாக. "தாய்மாமன்னே சொல்லுங்க."