காதுக்கு ட்யூஷன்

காது கேட்காதவர்களுக்கு டாக்டர் இருக்கிறார். காது நன்றாகக் கேட்டும் இங்கிலீஷ் மட்டும் கேட்காதவர்களுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகரில் நான் இருந்தேன்.

பாண்டி பஜாருக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் இன்ஸ்டிட்யூட். பேச்சுக்கு ஒரு வகுப்பு, இலக்கணத்துக்கு ஒரு வகுப்பு, இரண்டிலும் தேறாதவர்களுக்கு என்னுடைய 'லிசனிங்' வகுப்பு. என் வசம் ஒரு டேப்ரெக்கார்டர், மூன்று கேசட், ஒரு பென்சில். பென்சில் எழுதுவதற்கு அல்ல, சிக்கிய நாடாவைச் சுற்றுவதற்கு. டேப்ரெக்கார்டரோடு மாரடித்த வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வகுப்பிலும் இதெல்லாம் நடந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நடக்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் நான் நம்பப் போவதில்லை.

இருமலுக்கு முன்னால்

முதலில் ஒரு வாக்குமூலம். அந்த மூன்று கேசட்டிலும் வெள்ளைக்காரர்கள் பேசியதில் பாதிதான் எனக்கு விளங்கும். மீதிப் பாதி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகியிருந்தது, ஒரு எழுத்து விடாமல். மாணவர்களுக்குக் கொடுக்கும் புத்தகத்தில் அந்தப் பக்கங்களை முதல் நாளே கிழித்துவிடுவது எங்கள் வழக்கம். கிழித்த பக்கங்களில் ஒரு செட்டை நான் வருகைப் பதிவேட்டுக்குள் ஒட்டி வைத்திருந்தேன். டேப் ஓடும்போது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பது போலக் குனிந்திருப்பேன். இருபது பேர் வகுப்புக்கு நாற்பது நிமிடம் அட்டென்டன்ஸ் எடுத்த ஒரே ஆசிரியர் நானாகத்தான் இருப்பேன்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் இலக்கியம். சாந்தோம் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் பூசையில் வாசகம் படிப்பவன். படிப்பேன், எழுதுவேன், தேவைப்பட்டால் பேசுவேன். ஆனால் எதிரில் ஒருவர் இங்கிலீஷைத் தன் இஷ்டத்துக்குப் பேசினால், கையில் காகிதம் இல்லாமல் எனக்கு ஓடாது. இது வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலையாவது இன்னொன்று கிடைக்கும். அருள் சாருக்கே காது கிடையாதாம் என்ற பேச்சு வந்தால் தாங்கமாட்டேன் என்பதுதான் என் பயமெல்லாம்.

முதல் பெஞ்சில் ஹேமா என்று ஒரு கல்லூரி மாணவி, மயிலாப்பூர். இரண்டாவது கேசட்டில் ரயில் நிலையத்தில் ஒரு பெண்மணி விசாரிக்கும் பாடம். நடுவில் அந்தப் பெண்மணி இருமுவாள். காகிதத்தில் அடைப்புக்குறிக்குள் 'இருமுகிறாள்' என்று போட்டிருக்கும். அதற்குச் சற்று முன்பே வாக்கியம் முடிகிறதே என்று நான் வழக்கமாக அங்கே டேப்பை நிறுத்துவேன். ஒருநாள் ஹேமா எழுந்து, மரியாதையாகத்தான் கேட்டாள்: "சார், அந்த அம்மா இருமப் போறான்னு உங்களுக்கு மட்டும் எப்படி சார் முன்னாடியே தெரியறது?"

கரண்ட் போன தேர்வு

மாதக் கடைசியில் தேர்வு. டேப்பை ஒரு முறை போடுவேன், பத்து கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஒரு மாதம், டேப் ஓட ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கரண்ட் போய்விட்டது. டேப்பில் அந்த ஆள் "குட் மார்னிங்" என்று சொன்னதோடு சரி. நான் ஃபியூஸா, தெருவுக்கே இல்லையா என்று பார்க்கக் கீழே இறங்கினேன். பாத்திரக் கடைக்காரர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவுக்கே இல்லை.

திரும்பி மேலே வந்தால் இருபது விடைத்தாளும் மேஜையில் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் பத்துக்குப் பத்து. மூன்று வருடமாக அதே மூன்று கேசட். முன் பேட்ச் மாணவர்களின் நோட்டு அடுத்த பேட்சுக்குக் கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. உடனே பதிவேட்டுக்குள் ஒட்டியிருந்த காகிதம் ஞாபகம் வந்தது, கோபம் போய்விட்டது. ஆனாலும் வாத்தியாராயிற்றே என்று, டேப்பே ஓடாமல் எப்படி எழுதினீர்கள் என்று அதட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சமாதானமாகச் சொன்னான்: "கரண்ட் இல்லன்னா என்ன சார், கேள்வித்தாள் இருந்துச்சே!"

வந்து வந்து நின்ற பேச்சு

விஷயம் பிரின்சிபால் வசந்தா மேடம் காதுக்குப் போனது. மேடத்துக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி. இப்போதெல்லாம் ரேடியோப் பேச்சு, யூனிவர்சிட்டிப் பேச்சு எல்லாம் இன்டர்நெட்டிலேயே கேட்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் புதிதாகப் பிடித்துக்கொண்டு வரும்படி எனக்கு உத்தரவு.

மரப்பலகைத் தடுப்பு போட்ட அறை, உள்ளே நான்கு கம்ப்யூட்டர். ஸ்பீக்கர் வாயில் என் டேப்ரெக்கார்டரை வைத்துப் பிடித்துக்கொண்டேன். யாரோ ஒரு பேராசிரியர் பத்து விநாடி பேசினார், நின்றார். கம்ப்யூட்டர் யோசித்தது. மறுபடி எட்டு விநாடி. நடுவில் போன் லைன் அறுந்து, கீச்சென்று கத்திவிட்டு மறுபடி சேர்ந்தது. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் மகள் ஜாதகத்தை அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டே, போய்விட்டதா போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரலும் கேசட்டில் ஏறிவிட்டது. மூன்று மணி நேரத்தில் இருபது நிமிடப் பேச்சு.

பேச்சு எதைப் பற்றி என்று கேட்கிறீர்களா? முதல் பத்து நிமிடம் தேனீயைப் பற்றி என்று நினைத்தேன். பிறகு ஏதோ தொழிற்சாலை வந்தது. காகிதம் எங்காவது கிடைக்குமா என்று திரையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. வியர்த்துவிட்டது. என் முகத்தைப் பார்த்த சென்டர்காரர் முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார்: "நின்னு நின்னு வருதேன்னு கவலைப்படாதீங்க சார். வர்றப்ப மட்டும் கேளுங்க, போதும்."

வாய் இருந்தும்

அந்த வாரம்தான் தனபால் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை, ஏழு ஆட்கள். ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனிக்கு உதிரி பாகம் கடைந்து அனுப்புகிறார். கடிதம், ஃபேக்ஸ், டிராயிங் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் நாலு மணிக்கு அங்கிருந்து ஒருவர் போன் செய்வார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பார்ட்னர் கோயம்புத்தூருக்குத் தனியாகத் தொழில் பார்க்கப் போய்விட்டார்.

"மூணு வாரம் எஸ் எஸ்னு சொல்லிக்கினே இருந்தேன் சார். அதுல ஒரு எஸ்ஸுக்கு ஒரு லாட் பூரா திரும்பி வந்திச்சி. இன்னொரு வாட்டி வந்தா அவன் வேற ஆளப் பாத்துக்குவான். ஏழு குடும்பம் சார்" என்றார். சேர்ந்தவுடன் பேச்சு வகுப்பிலும் உட்காருங்களேன் என்று மேடம் சொன்னதற்கு, கைகூப்பி மறுத்துவிட்டார்: "பேச்சு என்கிட்ட நெறய கீது மேடம். காதுக்கு மட்டும் போடுங்க."

ஜன்னல்

பழைய மூன்று கேசட்டின் விடையும் ஊருக்கே தெரியும் என்பதால், புது அடையாறு கேசட்டைத் தனபாலுக்குக் கொடுத்தேன். பட்டறையில் டேப்ரெக்கார்டரை லேத்துக்குப் பக்கத்தில் வைத்து, பகல் முழுக்க ஓடவிட்டுக் கேட்டார். நாலாவது வாரம் அது தேனீ இல்லை, தேனீ வளர்ப்பவரின் பெட்டி செய்யும் தொழிற்சாலை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஆமாம் என்றேன், ரொம்ப நாளாகத் தெரிந்தவன் போல.

சந்தேகம் கேட்க ஆரம்பித்தால்தான் தொல்லை. "சார், ஆறாவது நிமிஷத்துல சிரிக்கிறான் பாருங்க, அது இன்னா சார்?" என்பார். எனக்கு அவன் சிரிப்பதே அப்போதுதான் தெரியும். "நானே சொல்லிவிட்டால் உங்கள் காது எப்படி வளரும்? மறுபடி கேளுங்கள்" என்று சொல்லித் தப்பித்தேன். இப்படி ஆறு வாரம் ஒன்றுமே சொல்லிக்கொடுக்காமல் இருந்ததை, புது போதனா முறை என்று மேடம் ஸ்டாஃப் மீட்டிங்கில் பாராட்டினார். நானும் எழுந்து நன்றி சொன்னேன்.

ஆனால் ஒரு விசித்திரம். பட்டறையில் எல்லாம் விளங்கும் தனபாலுக்கு, வகுப்பின் அமைதியில் ஒன்றும் விளங்கவில்லை. விழிப்பார், வேர்ப்பார். பட்டறை போலச் சத்தம் வேண்டுமோ என்று ஃபேனை ஐந்தில் வைத்துப் பார்த்தேன், போதவில்லை. கடைசியில் ரோட்டுப் பக்கத்து ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டேன். பஸ், ஆட்டோ, கீழே பாத்திரக் கடையில் குண்டான் அடுக்குகிற சத்தம், எல்லாம் உள்ளே வந்தது. தனபால் முகம் தெளிந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தார். மற்ற இருபது பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேடம் கதவைத் திறந்ததுமே கேட்டார்: "என்ன அருள், ஜன்னலத் தெறந்து வெச்சுண்டு இருக்கேள்? பாடம் நமக்கா, ரோட்டுக்கா?"

செவ்வாய், நாலு மணி

ஒரு திங்கட்கிழமை தனபால் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வரும் போன் முக்கியமானதாம், ஒரு வருட ஆர்டரை முடிவு செய்கிறார்களாம். பட்டறையில் ஒரே லைனுக்கு இரண்டு போன் இருக்கிறது. நான் வந்து இரண்டாவதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். "நீங்க ஒண்ணும் பேச வாணாம் சார். நான் எங்கனா விட்டா, எழுதிக் காட்டுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். ஏழு குடும்பம் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. காலையில் காய்ச்சலும் வரவில்லை. போனேன்.

நாலு மணிக்கு மணி அடித்தது. நான் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். தனபால் அவசரமாக, ஓடட்டும் ஓடட்டும் என்று ஆட்களுக்கு ஜாடை காட்டிவிட்டுப் போனை எடுத்தார். நானும் எடுத்தேன். அந்தப் பக்கத்து மனிதர் பேசினார். நான் கேசட்டில் கேட்ட எந்த இங்கிலீஷும் அதில் இல்லை. வாய்க்குள் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு ஓடுகிறவர் போல ஓடினார். இந்தப் பக்கம் லேத் கிரீச்சிட்டது. 'ஹலோ' என்று காகிதத்தில் எழுதினேன். கீழே 'டிராயிங்' என்று எழுதினேன். அத்தோடு என் பேனா நின்றுவிட்டது. வெட்கத்தில் காது மடல் சுட்டது. இத்தனை வருடம் பதிவேட்டைப் பார்த்துக் குனிந்தே இருந்த கழுத்து, அன்று பார்க்க ஒன்றுமில்லாமல் குனிந்திருந்தது.

தனபால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு மெதுவாக, "ஒன் மினிட் சார். யூ ஸே எய்ட் எம்.எம். யுவர் டிராயிங் ஸே டென் எம்.எம். விச் ஒன் ஐ கட்?" என்றார். அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு. டிராயிங்கில்தான் தப்பாம். தனபாலும் சிரித்தார், ஆறாவது நிமிடச் சிரிப்பை அவர் இதற்கென்றே பழகிவைத்தது போல. இன்னும் ஐந்து நிமிடம் பேசினார்கள். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று போனை வைத்த பிறகு அவர் கத்தியதில்தான் எனக்குத் தெரிந்தது. லேத்தில் நின்ற ஆள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து கை குலுக்கினார், எனக்கும் சேர்த்து.

நான் காகிதத்தை மடிப்பதற்குள் தனபால் பார்த்துவிட்டார். 'ஹலோ', 'டிராயிங்', கீழே வெறும் வெள்ளை. ஆட்கள் பக்கம் தெரியாதபடி அதைக் கவிழ்த்து வைத்து, மேலே டீ கிளாஸை வைத்தார். எல்லோரும் போன பிறகு அடையாறு கேசட்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பயப்படாதீங்க சார். மொதல்ல எனக்கும் இப்படித்தான் இருந்திச்சி. வூட்ல மிக்ஸியப் போட்டுட்டு கேளுங்க, வந்துரும்."

மறுநாள்

மறுநாள் பதிவேட்டிலிருந்து அந்தக் காகிதங்களை உரித்தெடுத்து வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். இரண்டாவது கேசட், ரயில் நிலையம். தலை நிமிர்ந்து உட்கார்ந்து நானும் கேட்டேன். பெண்மணி பேசிக்கொண்டே போனாள். திடீரென்று இருமினாள். நாற்காலியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது பேரும் டேப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஹேமாதான் கவலையோடு எழுந்தாள்: "சார், உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?"

மொத்தம் ஆறு வருடம் காதுக்கு ட்யூஷன் எடுத்ததில் என் வகுப்பில் முழுசாகத் தேறியவை இரண்டே காதுகள், அவையும் என்னுடையவை அல்ல.